ஹெட்போன் போட்டிருந்தது யாரு? பள்ளிக்கூட நியூஸ் டீம் கேள்வி-பதில்

இந்த தடவை கேள்விங்க நிறையவே வந்திருக்கு, பெரும்பாலும் ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரை பிள்ளைங்களுக்கு வீடியோ நியூஸ் சொல்லித்தர்ற டீச்சர்ஸ்கிட்டேர்ந்து. பைட்னா பேட்டில ஒருத்தர் பேசற துண்டு, பிடிசின்னா ரிப்போர்ட்டர் கேமராவப் பாத்து பேசறது, விஓன்னா படத்துக்கு மேல ஓடற குரல், இதுக்கு மேல மறுபடி ஆரம்பிக்கல, தெரியும்னு வச்சுக்கிட்டே போறேன்.

மேடம், மீடியா கிளப்புக்கு ஸ்கூல்ல 60 ஆயிரம் ஒதுக்கியிருக்காங்க. எந்த கேமரா வாங்கலாம்? உடனே சொல்லவும்.

எத்தனை பசங்க, கைல ஏற்கனவே என்ன இருக்கு, வெளிய போய் எடுப்பீங்களா இல்ல பிரேயர் ஹால் மட்டும்தானா, ஒண்ணுமே எழுதாம உடனே சொல்லுன்னா எப்படி? மாசா மாசம் இதே கேள்வி இதே மாதிரிதான் வருது. சரி, ஒரு 20 பசங்க, டீச்சர்ஸ் ஃபோன் ரெண்டு மூணு இருக்குன்னு வச்சுக்கறேன்.

கேமரா வாங்காதீங்க. இப்ப வர்ற 15 ஆயிரம் ரூபா ஃபோனே பகல் வெளிச்சத்துல தாராளமா போதும். காச மைக்ல போடுங்க. ரெண்டு டிரான்ஸ்மிட்டர் இருக்கற வயர்லெஸ் லேப்பல் (சட்டைல குத்தற சின்ன மைக்) செட் ஒண்ணு, கைல பிடிக்கிற டைனமிக் மைக் ஒண்ணு, சந்தை பஸ் ஸ்டாண்டுன்னு போனா லேப்பல விட அதுதான் காப்பாத்தும். காதை முழுசா மூடுற ஹெட்போன் மூணு. ஃப்ளூயிட் ஹெட் (கேமராவ குலுங்காம திருப்பற தலை) இருக்கற ட்ரைபாட் ரெண்டு. எல்லாம் சேத்து 40 ஆயிரத்துக்குள்ள வந்துடும், மீதில ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்கி ஒரே ஃபுட்டேஜ ரெண்டு இடத்துல வைங்க.

ஹெட்போன் இல்லாம ரெக்கார்ட் பட்டன தொடவே கூடாதுன்னு முதல் நாளே பசங்ககிட்ட சொல்லிடுங்க. நான் சேனல்ல சேந்த புதுசுல தொண்ணூறு வயசு தாண்டின ஒரு சுதந்திரப் போராட்ட தியாகிய பேட்டி எடுக்கப் போனேன், முக்கா மணி நேரம் பேசினாரு, ஜெயில்ல கூழுல மிதந்த புழுவ ஒதுக்கிட்டு குடிச்சதுலேர்ந்து எல்லாம் சொன்னாரு, ஆபீஸ் வந்து போட்டுப் பாத்தா வாய் அசையுது, சத்தம் இல்ல. மைக் பாக்ஸ் ஆஃப்ல இருந்திருக்கு. மறுபடி போலாம்னு டேட் வாங்கறதுக்குள்ள அவர் போய்ட்டாரு. அந்த முக்கா மணி நேரம் எங்கயுமே கிடையாது இப்ப. லெவல் மீட்டர் ஆடுதான்னு பாத்தா பத்தாது, காதுல கேக்கணும். பேச்சு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கட்டும், மைனஸ் 6 தாண்ட விடாதீங்க.

க்ளாஸ்ரூம்ல எடுத்தா படத்துல பட்டை பட்டையா ஓடுது. ஃபோன் ரிப்பேரா?

ஃபோன் நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் செகண்டுக்கு 100 தடவ மின்னுது, ஃபோன் ஆட்டோல ஷட்டர் இஷ்டத்துக்கு மாறுது, ரெண்டும் ஒத்துப்போகல. மேனுவல் மோடுக்குப் போய் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50ன்னு பூட்டுங்க. சில மட்டமான எல்இடி லைட் அதுக்கும் அடங்காது, அத அணைச்சிட்டு பிள்ளைய ஜன்னலப் பாத்து உக்கார வைங்க.

எங்க பசங்களுக்கு சொந்தமா எழுத வராது. போட்டிக்கு அனுப்பணும்னு நாங்களே ஸ்கிரிப்ட் எழுதித் தர்றோம். கேமரா முன்னாடி ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. இயல்பா பேச வைக்க என்ன பயிற்சி கொடுக்கலாம்?

ஒப்பிக்கிற மாதிரி என்ன, ஒப்பிக்கிறாங்க! நீங்க எழுதினத மனப்பாடம் பண்ணி சொல்ற பிள்ளை வேற எப்படி பேசும். இதுக்கு பயிற்சின்னு ஒண்ணு கிடையாது, எழுதித் தர்றத நிறுத்தறதுதான் வழி.

இத எத்தனை தடவ எழுதியிருக்கேன்னு தெரியல, மறுபடி எழுதறேன். போட்டிக்குன்னு வர்ற வீடியோல பாதி இப்படித்தான் இருக்கு, வாத்தியார் எழுத்து, வெளி ஸ்டூடியோ எடிட்டிங், நடுவுல ஒரு பிள்ளை கழுத்து நரம்பு புடைக்க கத்துது. அந்தப் பிள்ளை அதுல என்ன கத்துக்கிச்சு? அடுத்தவங்க எழுதினத நம்ம வாயால சொல்லலாம், அதுக்கு கைதட்டல் கிடைக்கும்னு கத்துக்கிச்சு. ஜர்னலிசத்துல கத்துக்கவே கூடாத விஷயம் அது.

ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு, ஸ்கூல் தண்ணி டேங்க் முன்னாடி பிடிசி. "மாணவ மாணவியரின் நலனைக் கருத்தில் கொண்டு குடிநீர் வசதி மேற்கொள்ளப்பட வேண்டும் என்பதே அனைவரின் எதிர்பார்ப்பாகும்." ஏழு டேக். ஒவ்வொரு டேக்லயும் "கருத்தில் கொண்டு" கிட்ட தடுக்குது, கண்ணு மேல போகுது, அழுதுடும் போல. பேப்பர வாங்கி மடிச்சு வச்சிட்டு, கேமராவ ஓட விட்டுட்டே, ஏம்மா இங்க என்னதான் பிரச்சனை, நீ சொல்லுன்னேன். "டேங்க்ல தண்ணி இருக்கு மேடம், குழாய்ல திருகுதான் இல்ல, காம்பஸ் ரெண்டு கால்லயும் கவ்விப் புடிச்சு திருப்பணும், மதியம் சாப்டுட்டு கை கழுவ ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டாந்த பிள்ளைய தேடிட்டு திரிவோம்"னு ஒரே மூச்சுல சொல்லிச்சு. ஒரே டேக். சொல்லிட்டே கை தன்னால குழாய்க்குப் போச்சு, காம்பஸ எடுத்து திருப்பிக் காட்டிச்சு, தண்ணி வந்துச்சு. இதவிட நல்ல லீட், அதாவது செய்தியோட ஆரம்பம், எந்த சேனல் ரிப்போர்ட்டர் கொண்டு வருவாங்க? இந்தப் பொண்ணுக்கும் எழுத வராதுன்னுதான் சொன்னாங்க.

வீட்ல பேசற மாதிரி சொல்லச் சொல்லுங்க, சொல்றத ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அத கேட்டு அவங்களே எழுதட்டும். நீங்க சிவப்புப் பேனாவோட வாங்க, திருத்துங்க, ஆனா வாக்கியத்த நீங்க எழுதாதீங்க. "இத உன் கண்ணால பாத்தியா, யார் சொன்னாங்க, எத்தன, என்னிக்கு"ன்னு ஓரத்துல கேள்வி மட்டும் போடுங்க. ஒரு வரிக்கு ஒரு தகவல். "மேற்கொள்ளப்பட்டு", "அரங்கேறியது", "பரபரப்பு நிலவியது", இதெல்லாம் கண்டா அடிச்சிடுங்க. 90 செகண்ட் பேக்கேஜ், அதாவது ஒரு முழு செய்தி வீடியோன்னா ரெண்டு பைட்டுக்கு 30, பிடிசிக்கு 15 போக, விஓக்கு 45 செகண்ட்தான் மிச்சம், தமிழ்ல அது ஒரு 80 வார்த்தை. 80 வார்த்தை எழுத வராத பதினொண்ணாவது பிள்ளை எங்கயும் கிடையாது. பரிசு வரலன்னா பரவால்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைங்க எழுத்துக்கும் இடம் கொடுத்து 2022லேர்ந்து பள்ளிக் கல்வித் துறையோட தேன்சிட்டு சிறார் இதழ் வருது, அங்க எழுதற பிள்ளைங்கள்ல நிறைய பேர விட நம்ம பசங்க பெரியவங்க, அதையும் யோசிச்சுப் பாருங்க.

சினிமா பிஜிஎம் 10 செகண்டுக்குள்ள போட்டா காப்பிரைட் வராதாமே?

யார் சொன்னது? 1957 காப்பிரைட் சட்டத்துல 10 செகண்டுக்கு சலுகைன்னு ஒரு கணக்கே கிடையாது. போடாதீங்க. நியூஸ்க்கு எதுக்கு மியூசிக், எடுத்த இடத்து சத்தத்த ஒரு 30 செகண்ட் தனியா ரெக்கார்ட் பண்ணிட்டு வந்து விஓ அடில ஓட விடுங்க, அது போதும்.

டாவின்சி ரிசால்வ் (எடிட்டிங் சாஃப்ட்வேர்) ஹேங் ஆகுது, போகப்போக வாயும் சத்தமும் சேரல. என்ன செய்ய?

சிஸ்டத்துல எத்தன ஜிபி ரேம், ஃபுட்டேஜ் எதுல எடுத்தது, எழுதலையே. 8 ஜிபி ரேம்ல ரிசால்வ் திணறத்தான் செய்யும், 16ஆவது வேணும். ஃப்ரீ வெர்ஷனே பள்ளிக்கூடத்துக்கு ஏராளம், அதுல குறை இல்ல. 4கே எடுக்காதீங்க, ஃபுல் எச்டி போதும், எடுத்தாச்சுன்னா ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் சின்னதாக்கின காப்பி) போட்டு வெட்டுங்க.

சத்தம் விலகறதுக்கு காரணம் ஃபோன்தான். 30ன்னு போட்டிருந்தாலும் நிஜமா 29 சில்லறை, 30 சில்லறைன்னு ஃப்ரேம் ரேட்ட மாத்திட்டே எடுக்கும், எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அது சேராது. ஹேண்ட்பிரேக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுன்னு போட்டு மாத்திட்டு அப்புறம் டைம்லைன்ல கொண்டு வாங்க. பசங்க புரியாம எடிட்டிங்ல ஒவ்வொரு கட்லயும் இழுத்து இழுத்து சரி பண்ணிட்டு இருப்பாங்க, பாவம், ராத்திரி பத்து மணி ஆயிடும்.

எங்க ஊர்ல ஒரு குழந்தைத் திருமணம் நின்னுச்சு. அந்தப் பொண்ணு எங்க ஸ்கூல்தான். முகத்த ப்ளர் பண்ணிட்டு பேட்டி போடலாமா?

கூடாது. ப்ளர் பண்ணாலும் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, பேர், விலாசம், பள்ளிக்கூடம், அடையாளம் தெரியற எந்த விவரமும் வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது, மீறினா ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், ரெண்டும் கூட வரலாம். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டிருந்தா போக்சோ பிரிவு 23 இன்னும் கடுமை. சட்டத்த விடுங்க, முகத்த மறைச்சிட்டு யூனிஃபார்ம காட்டுவீங்க, குரல் அப்படியே இருக்கும், பின்னாடி வீட்டுக் கோலம் தெரியும், "எங்க ஸ்கூல் மாணவி"ன்னு நீங்களே விஓல சொல்லுவீங்க. ஊர்ல யாருக்குத் தெரியாது? நாளைக்கு அதே வகுப்புல உக்கார வேண்டிய பொண்ணு அது.

செய்திய விட வேண்டாம், அந்தப் பொண்ண விட்டுடுங்க. ஒரு கல்யாணத்த நிறுத்தணும்னா யார்கிட்ட சொல்றது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணா அடுத்து என்ன நடக்கும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்கிட்ட பைட் வாங்குங்க. ஊர், பேர், தேதி எதுவும் வேண்டாம். மத்த எந்தப் பிள்ளைய காட்டினாலும் பெத்தவங்க கையெழுத்து வாங்கிட்டுதான் காட்டணும், வாய் வார்த்தை பத்தாது, இதையும் போன தடவயே சொன்னேன்.

ஒரு பொண்ணு நல்லா ரிப்போர்ட் பண்றா. ஆனா கிராமத்துப் பேச்சு. ஆங்கரா போடலாமா?

போடுங்க, இதுல கேக்கவே ஒண்ணும் இல்ல. இழுவை, ஊர் ராகம் இருந்துட்டுப் போகட்டும். ல, ள, ழ மட்டும் திருத்துங்க, பள்ளிக்கும் பல்லிக்கும் அர்த்தமே வேற இல்லையா. தினம் காலைல பேப்பர்ல ஒரு பத்திய சத்தமா படிக்கச் சொல்லுங்க, மூச்சு விட வேண்டிய இடத்துல பென்சில்ல கோடு போட்டுக்கட்டும். ஆகாசவாணில சரோஜ் நாராயணஸ்வாமி தமிழ்ச் செய்தி வாசிச்சது டெல்லிலேர்ந்து, அவங்க பொறந்தது பம்பாய், ஆனா அந்த உச்சரிப்ப நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னும் சொல்லிட்டே இருக்காங்க. உச்சரிப்பு உழைச்சா வர்றது, ஊரப் பொறுத்தது இல்ல.

எல்லா பசங்களும் கேமராதான் வேணும்னு சண்டை. மார்க் எப்படி போடறது?

அஞ்சு பேர் ஒரு டீம், ப்ரொட்யூசர், ரிப்போர்ட்டர், கேமரா, சவுண்ட், எடிட்டர். ஒவ்வொரு ஸ்டோரிக்கும் வேலைய மாத்துங்க, அஞ்சு ஸ்டோரி முடிஞ்சா எல்லாரும் எல்லாம் பண்ணிருப்பாங்க. முடிஞ்ச வீடியோவுக்கு மட்டும் மார்க் போடாதீங்க. நூறுல ஒரு 40 ரிப்போர்ட்டர் நோட்டுக்கு, யார்கிட்ட பேசினாங்க, எத சரிபாத்தாங்கன்னு அதுலதான் தெரியும். ஒரு 30 எடிட் பண்ணாத ஃபுட்டேஜுக்கு, ஒவ்வொரு ஷாட்டும் 10 செகண்ட் ஆடாம நிக்குதா, தூரம், நடு, கிட்டன்னு வைட், மிட், டைட் மூணும் இருக்கா, கட்அவே (வெட்டற இடத்த மறைக்க எடுக்கற பக்கத்து ஷாட்) எடுத்தாங்களான்னு பாருங்க. மீதிதான் ஃபைனல் கட்டுக்கு. எடிட் பண்ணாதத நீங்க உக்காந்து பாக்கணும், நேரம் ஆகும், வேற வழி இல்ல.

ஸ்போர்ட்ஸ் டேக்கு ட்ரோன் ஷாட் எடுக்க பசங்களுக்கு சொல்லித்தரலாமா?

ட்ரோன் விதிகள் 2021ன்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கவே 18 வயசு ஆகணும். 250 கிராமுக்குள்ள உள்ள நானோவுக்கு சான்றிதழ் வேண்டாம்தான், ஆனா கூட்டத்துக்கு மேல பறக்கவிட்டு ஒரு பிள்ளை தலைல விழுந்தா யார் பதில் சொல்றது? மொட்டை மாடிலேர்ந்து ட்ரைபாட்ல எடுங்க.

அக்கா, நான் பிளஸ் ஒன். எங்க ஸ்கூல் டாய்லெட் பத்தி ஸ்டோரி பண்ணோம். எச்.எம். போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. யூட்யூப்ல நாங்களே போட்டுடலாமா?

இப்ப போடாதப்பா. பயப்படச் சொல்லல, ஸ்டோரி முடியலன்னு சொல்றேன். எச்.எம். பைட் அதுல இருக்கா? நீ எழுதினதுல இல்ல, அதனால கேக்கறேன். மொத்தம் எத்தன டாய்லெட், எத்தனைல தண்ணி வருது, எத்தன பூட்டிருக்கு, நீயே எண்ணினியா இல்ல யாராவது சொன்னாங்களா? காலைல ஒரு தடவ, மதியம் ஒரு தடவ, ரெண்டு நாள் எண்ணு. பொண்ணுங்க பக்கம் பொண்ணுங்களே போய் எண்ணட்டும், உள்ள கேமரா போகவே கூடாது, கதவு, பூட்டு, வெளிக் குழாய், அதோட நிறுத்திக்கோ.

அப்புறம் எச்.எம்.கிட்ட போய் போடலாமான்னு கேக்காத, "இதுல எந்தத் தகவல் தப்பு சொல்லுங்க, திருத்திக்கறோம், சரி பண்ண என்ன தடைன்னு கேமரால சொல்லுங்க"ன்னு மரியாதையா கேளு. பாதி எச்.எம்.க்கு பணம் வராததுதான் பிரச்சனை, அத சொல்ல ஒரு வாய்ப்புன்னு தெரிஞ்சா அவங்களே பேசுவாங்க. அதுக்கும் ஒத்துக்கலன்னா, அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான், அவங்க கூட்டத்துல வீடியோவ போட்டுக் காட்ட உங்க டீச்சர் மூலமா கேளுங்க.

எண்ணின கணக்கோட ரஃப் கட்ட, அதாவது முதல் எடிட்ட, எனக்கு அனுப்பு, எங்கயும் ஏத்தாம. யார் சவுண்ட் பாத்தாங்கன்னும் எழுது.