டர்ஃபும் ஜிம்மும் இருக்கும்போது வேலூருக்குப் பொது மைதானம் எதற்கு?

"வேலூரில் மூலைக்கு மூலை டர்ஃப் வந்துவிட்டது, தெருவுக்குத் தெரு ஜிம் இருக்கிறது, காட்பாடியில் அரசு விளையாட்டு மைதானமும் இருக்கிறது. இதற்கு மேல் மக்கள் பணத்தைப் போட்டுப் பொது மைதானம் அமைக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமைக்கத்தான் வேண்டும். ஆனால் நான் கேட்பது இன்னொரு ஸ்டேடியம் இல்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு 50 சென்ட் இடம், ராத்திரி எட்டரை மணி வரை எரிகிற லைட், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவறை. அவ்வளவுதான். வேலூரில் இல்லாதது அதுதான்.

முதலில் டர்ஃப், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானத்தின் கதையைப் பார்த்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு நூறு. சம்பளக்காரர்கள் வாரம் ஒருநாள் ஆட இது சரி, நானும் நண்பர்களோடு போயிருக்கிறேன். ஆனால் 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் நூறு என்றால் மாதம் மூவாயிரம். அம்மா பீடி சுற்றும் வீட்டுப் பையன் அதை யாரிடம் போய்க் கேட்பான்? இன்னொன்று, டர்ஃபில் நடப்பது கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். கபடிக்கோ கோ-கோவுக்கோ யாரும் டர்ஃப் புக் பண்ணி நான் பார்த்ததில்லை. காசு கட்டி ஆடுகிறவர் ரசனைக்குத்தான் கடை நடக்கும், அதில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காட்பாடி மைதானம் தேவைதான். பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் அப்படி ஓர் இடம் இல்லாமல் முடியாது. ஆனால் பாகாயத்திலோ தொரப்பாடியிலோ இருக்கிற பன்னிரண்டு வயதுப் பெண் ஸ்கூல் விட்டு வந்து, பாலாற்றுப் பாலத்து நெரிசலைத் தாண்டிப் போய், ஒரு மணி நேரம் ஆடிவிட்டு எப்போது வீடு திரும்புவாள்? தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்ததும் நல்ல செய்திதான். ஆனால் அது வந்தாலும் தொகுதிக்கு ஒன்றுதான். நேதாஜி மைதானம் காவல்துறையின் இடம், சுதந்திர தின அணிவகுப்பு நடக்கிற இடம். கோட்டைக்குள் காலை நடை போகிறவர்கள் ஏராளம், ஆனால் அது மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள நினைவுச் சின்னம். அங்கே வாலிபால் கம்பம் நட முடியாது, நடவும் கூடாது.

அப்புறம் மிச்சம் எது? ஊருக்குள் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு வெற்றிடங்கள். எங்கள் பகுதியில் இருக்கும் ஒன்றை ஞாயிறு காலையில் வந்து பார்க்க வேண்டும். விடிவதற்குள் ஸ்டம்ப் நட்டோ செங்கல் வைத்தோ இடம் பிடித்துவிடுவார்கள். ஒரே மைதானத்தில் நாலைந்து மேட்ச் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். ஒரு மேட்சின் லாங் ஆன் ஃபீல்டர் அடுத்த மேட்சின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பான். பந்து மாறிப் போகாமல் இருக்க ஒரு அணி சிவப்பு டேப், இன்னொன்று பச்சை டேப் சுற்றியிருக்கும். "டேய், தலை!" என்று யார் கத்தினாலும் மைதானமே குனியும். பொருட்காட்சியோ பொதுக்கூட்டமோ முடிந்த வாரத்தில் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் கூடுதலாகும். பந்தல் கால் நட்ட குழிகளைப் பையன்கள் மண் போட்டு மிதிப்பார்கள். ஆணி, உடைந்த பாட்டில் துண்டு எல்லாவற்றையும் சாந்துச் சட்டியில் பொறுக்கிக் கொண்டுபோய் ஓரத்தில் கொட்டுவார்கள். இடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் குழியை மூடிவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டால் என்ன செலவாகிவிடும்?

அங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு ஆறு இருக்கிறது. தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கிண்டல் பண்ணுவார்கள் இல்லையா? 1981-ல் கோட்டைக் கோயிலுக்குச் சாமி ஜலகண்டேசுவரர் திரும்பி வந்து ஒன்றைத் தீர்த்துவைத்தார். 2021 நவம்பரில் பாலாறே கரைபுரண்டு ஓடிப் பட்டியலைக் கொஞ்சம் கலைத்தது. தண்ணீர் வந்தது எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆற்று மணலைத் தட்டிக் கெட்டியாக்கி பிட்ச் போட்டிருந்த பையன்களுக்கு அதுதான் மைதானம், அது போய்விட்டது. ஆற்றுப் படுகை ஆற்றுக்குத்தான் சொந்தம், விளையாட அதை நம்பியிருக்கும் நிலைதான் தப்பு.

பெரிய அரங்கம் இருந்தால்தான் பதக்கம் வரும் என்று சிலர் சொல்வார்கள். சத்துவாச்சாரியைப் பாருங்கள். அந்தப் பகுதியின் பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர்தான். பளு தூக்கும் மேடையின் அளவு 4 மீட்டருக்கு 4 மீட்டர். நம் வீட்டு ஹால் அளவு இடம். வீட்டுக்குப் பக்கத்தில் விளையாட்டு இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, அதனால் ஒரு பையன் சின்ன வயதிலேயே அதில் இறங்கினான். அரங்கமெல்லாம் அதற்கப்புறம்.

இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு. வாலிபால் ஆடுகளம் 18-க்கு 9 மீட்டர். கபடி 13-க்கு 10. கோ-கோ 27-க்கு 16. பூப்பந்து (ஷட்டில் இல்லை, பால் பேட்மிண்டன்) 24-க்கு 12. நான்கையும் கூட்டினால் 1,012 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட். சுற்றி நடைபாதைக்கும் ஆட்கள் நிற்பதற்கும் இன்னொரு 25 சென்ட். நான் கேட்ட 50 சென்ட் கணக்கு இதுதான். அவ்வளவு கிடைக்காத இடத்தில் இரண்டு ஆடுகளம் போதும். நானூறு மீட்டர் ஓடுபாதை போட வேண்டுமென்றால் நான்கு ஏக்கர் தேடி அலைய வேண்டும், வார்டுக்கு வார்டு அது நடக்காது.

இந்த 25 சென்ட், 30 சென்ட் நிலங்கள் ஏற்கெனவே மாநகராட்சியின் பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் என்று உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனாலும் 35 சென்ட் வரும். சத்துவாச்சாரி, ரங்காபுரம், காட்பாடி காந்தி நகர் என்று ஊர் எப்படி நீண்டிருக்கிறது பாருங்கள். ஆனால் கொடுத்த இடத்தில் பல நேரம் சீமைக் கருவேலம்தான் முளைக்கும். இல்லாவிட்டால் ஒரு மேல்நிலைத் தொட்டி வரும், ஓரமாக யாராவது கார் ஷெட் போடுவார்கள், ஒரு சின்னக் கோயிலும் எழும்பும். அதன் பிறகு யாரும் கை வைக்க முடியாது.

லைட்டும் கழிவறையும் ஏன் என்று கேட்டால், அது வெயிலுக்காகவும் பெண் பிள்ளைகளுக்காகவும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் மாலை ஐந்தரைக்கு முன்னால் யாரும் ஆட முடியாது. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். என் அண்ணன் மகள் பள்ளியில் நன்றாகப் பூப்பந்து ஆடுகிறவள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் சாயங்கால ஆட்டம் நின்றுபோனது. மைதானம் முழுக்கப் பையன்கள், இருட்டு, கழிவறை கிடையாது, பிறகு எந்த வீட்டில் அனுப்புவார்கள்? தெருவில் ஷட்டில் ஆடிப் பார்த்தாள். இறகுப்பந்து கேபிள் ஒயரில் மாட்டும், கார் கண்ணாடி உடையும் என்று எதிர்வீட்டு மாமா சத்தம் போடுவார், அதோடு போனுக்குத் திரும்பியாயிற்று.

நடைபாதையை ஆடுகளத்தைச் சுற்றிப் போடச் சொல்வதும் இதற்காகத்தான். சாயங்காலம் அம்மாக்களும் பாட்டிகளும் நடக்கிற இடமாக இருந்தால் பெண் பிள்ளைகள் தாங்களாகவே வருவார்கள், குடிக்க வருகிறவன் தானாகவே வேறு இடம் பார்ப்பான். வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் இன்னும் நல்லது. பையன்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

திறந்துவைத்தால் மட்டும் போதாது, சாவி யாரிடம் என்பதுதான் உண்மையான கேள்வி. பல லட்சம் செலவழித்துக் கட்டிவிட்டு, காவலாளி சம்பளத்துக்கு வழியில்லாமல் பூட்டிக் கிடக்கும் பூங்காக்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்த வார்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பிஇடி வாத்தியார் ஒருவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து, சாவியையும் விசிலையும் கையில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அரசுப் பள்ளி மைதானங்களையும் சாயங்காலத்தில் இப்படியே திறந்துவிடலாம். ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில்தான் தலைமையாசிரியர்கள் பூட்டுகிறார்கள், அந்தப் பொறுப்பை மாநகராட்சி எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அவர்களும் மறுக்க மாட்டார்கள்.

உங்கள் பகுதிக்கு வேண்டுமென்றால் "மைதானம் வேண்டும்" என்று மொட்டையாக மனு எழுதாதீர்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் மனைப்பிரிவின் அனுமதி எண் இருக்கும். அதை வைத்து, பொது ஒதுக்கீட்டு நிலம் எவ்வளவு, எந்த சர்வே எண், தானப் பத்திரம் பதிவானதா, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியைக் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். பதில் வந்ததும் வரைபட நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் கொடுங்கள், கவுன்சிலரிடமும் ஒரு பிரதி. ஆடுகளம் போட நமக்கு நாமே திட்டத்தில் பணம் சேர்க்கவும் வழி இருக்கிறது. கருவேலத்தை வெட்டும் வேலையை மட்டும் பையன்களிடம் விட்டுவிடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.