பன்னிரண்டு மணிச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

கடந்த ஜூலையில் அம்மாவுடன் ஜெர்மனி போய்வந்தேன். ஃப்ராங்க்ஃபர்ட், கொலோன், ம்யூனிக் என்று பத்து நாள். ஊர்களெல்லாம் அற்புதம், சாப்பாடுதான் ஏமாற்றம். பகலெல்லாம் சுற்றிவிட்டு இரவு ஒன்பதரைக்கு உணவகம் தேடினால், பாதி இடங்களில் சமையலறை மூடிவிட்டது என்கிறார்கள். திறந்திருந்த 'பாரம்பரிய' உணவகங்களில் மூன்று ஊரிலும் அதே பன்றிக்கால் வறுவல், அதே புளித்த முட்டைக்கோஸ். அம்மா முட்டையும் பாலும் சேர்த்துக்கொள்வார், இறைச்சி தொடமாட்டார். பத்து நாளும் அவருக்கு உருளைக்கிழங்கு வறுவலும் தயிரும்தான். ஜெர்மானியர்களுக்குச் சமையல் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? அக்டோபரில் வேலையாக ஸ்டுட்கார்ட் போகிறேன், அம்மாவும் வருகிறார். நல்ல உணவகங்கள் நாலைந்து சொல்லமுடியுமா? செயலிகளில் வரும் நட்சத்திர மதிப்பெண்களை நம்பலாமா? டிப்ஸ் எவ்வளவு வைக்கவேண்டும்?

க., ஓசூர்

அன்புள்ள க.,

நட்சத்திரங்களை விடுங்கள். டிப்ஸ் ஐந்திலிருந்து பத்து சதவீதம் போதும். உணவகப் பெயர் எதுவும் தரப்போவதில்லை. பெயர் தெரிந்துகொண்டு இரவு ஒன்பதரைக்குப் போய் நின்றால் என்ன பயன்?

அந்த ஒன்பதரைதான் என்னை உறுத்துகிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவர் தன் ஜெர்மனிப் பயணப் படங்களை அனுப்பியிருந்தார். பகல் வெளிச்சத்தில் கோட்டை, ஆறு, தேவாலயம். சாப்பாடு வந்ததோ இரவு விளக்கொளியில், அதே பன்றிக்கால். அப்போதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஆட்கள் வெளிநாடு போனால் பகலில் சாப்பிடுவதே இல்லை. பையில் கொண்டுபோன முறுக்கையும் பிஸ்கட்டையும் தின்றுகொண்டு பார்க்கவேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, இருட்டியபிறகு அந்த நாட்டின் சமையலைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் ஜெர்மனியில் சமையல் முடிந்து வெகுநேரமாகியிருக்கும்.

அங்கே காலங்காலமாகச் சூடான சாப்பாடு என்பது நண்பகலில்தான். மாலை ஆறு, ஆறரைக்கு மரப்பலகையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெள்ளரிக்காய். அதோடு அன்றைய நாள் முடிந்தது. நகரங்களில் அலுவலக வாழ்க்கை இந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டது உண்மைதான். ஆனால் பழைய சமையல் இன்னும் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வாரநாளில் பதினொன்றரை மணிக்கு உணவக வாசலில் ஒரு கரும்பலகையை எடுத்துவைப்பார்கள். 'மிட்டாக்ஸ்டிஷ்', அதாவது மதியச் சாப்பாடு, என்று மேலே சாக்பீஸால் எழுதியிருக்கும், கீழே அன்றைக்குச் சமைத்த இரண்டு மூன்று பதார்த்தங்கள். இரண்டு மணிக்குப் பலகை உள்ளே போய்விடும். விலையும் இரவு விலையைவிடக் குறைவு. இறைச்சிக் கடைகள் பலவற்றிலும் மதியம் சூடான சாப்பாடு உண்டு. பக்கத்துக் கடைக்காரரும் கட்டட வேலைக்காரரும் உயரமான மேசையருகே நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அங்கே போய் நில்லுங்கள்.

நேரம் மட்டுமல்ல, மாதமும் உண்டு. ம்யூனிக்கின் வெள்ளைத் தொத்திறைச்சியை நண்பகல் மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுவிடவேண்டும் என்பார்கள். புகையிடாமல் அதிகாலையில் செய்வது, குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பிற்பகலுக்குத் தாங்காது. இன்று தாங்கும், ஆனாலும் பழைய ஆட்கள் பதினொரு மணிக்கே இனிப்புக் கடுகுடன் அதை முடித்துவிடுகிறார்கள். மண்ணை மேடாகக் குவித்து வெயில் படாமல் வளர்க்கும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு, 'ஷ்பார்கெல்', ஏப்ரலில் வரும். ஜூன் 24 யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள், செடி அடுத்த ஆண்டுக்குத் தேறவேண்டும் அல்லவா? அந்த இரண்டு மாதமும் நாடே அதைத்தான் பேசும். வடக்கே பிரேமன், ஓல்டன்பர்க் பக்கம் 'க்ரூன்கோல்' என்ற முட்டைக்கோஸ் இனத்துக் கீரை முதல் உறைபனி விழுந்தபிறகுதான் ருசி என்பார்கள். குளிரில் இலைக்குள் சர்க்கரை கூடும். பவேரியாவின் வடபகுதியான ஃப்ராங்கோனியாவின் கெண்டை மீன் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. வாத்து நவம்பர் 11 மார்ட்டின் திருநாளையொட்டி. ஜூலையில் போய்க் குளிர்காலச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, இவர்களுக்குச் சமையலே இல்லை என்று எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது க. ஒரு ஜெர்மானியர் ஜூலையில் சென்னைக்கு வந்து இரவு பத்து மணிக்குப் பொங்கல் கேட்டுவிட்டு, தமிழனுக்குச் சமைக்கத் தெரியாது என்று எழுதினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

அப்புறம் மூன்று ஊரிலும் ஒரே பன்றிக்கால் என்கிறீர்களே, அது ம்யூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் பண்டம். சுற்றுலாப் பயணி எதிர்பார்க்கிறார் என்று அதன் நீல வெள்ளைக் கொடி கட்டி நாடு முழுக்க விற்கிறார்கள். கொலோனுக்குக் காடியில், அதாவது வினிகரில், நாள்கணக்கில் ஊறிய மாட்டிறைச்சி உண்டு, உலர்திராட்சை போட்ட குழம்போடு. இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஃப்ராங்க்ஃபர்ட்டைச் சும்மா விடமாட்டேன். அந்த ஊரின் பச்சைச் சாறு, 'க்ரூனே ஸோஸே', பெரிய வியாழனில் தொடங்கிக் கோடை முழுக்கக் கிடைக்கும். வோக்கோசு, புளிச்ச கீரை வகை ஒன்று, உள்ளித்தாள் போன்ற ஒன்று என்று ஏழு தழைகளைப் பச்சையாகவே பொடிப்பொடியாக நறுக்கி, புளித்த பாலேட்டில் கலப்பார்கள். அவித்த உருளைக்கிழங்கு, பாதியாக வெட்டிய அவித்த முட்டை, மேலே அந்தக் குளிர்ந்த பச்சைக் கலவை. ஊரின் நடுவிலேயே 'க்ளைன்மார்க்ட்ஹாலே' என்ற சந்தை இருக்கிறது. ஏழு தழைகளையும் காகிதத்தில் சுருட்டிக் கட்டாக விற்பார்கள். ஜூலையில் நீங்கள் அந்த ஊரில் இருந்தீர்கள். உங்கள் அம்மாவும் இருந்தார். அவருக்காகவே செய்ததுபோல ஒரு சாப்பாடு நாலு தெரு தள்ளி இருக்க, அவர் உருளைக்கிழங்கு வறுவல் தின்றிருக்கிறார்.

உங்களை மட்டும் குறைசொல்லவில்லை. மகன் செலவு செய்து கூட்டிவந்திருக்கிறான், பசிக்கிறது என்று சொல்லிச் சங்கடப்படுத்தவேண்டாம் என்று நம் அம்மாக்கள் தயிரோடு நிறுத்திக்கொள்வார்கள். அதை நாம்தான் கவனிக்கவேண்டும்.

ஸ்டுட்கார்ட் போகிறீர்கள் என்றதும் எனக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருந்த நாள்கள் நினைவுக்கு வந்துவிட்டன. வீட்டுக்கார அம்மாள் சனிக்கிழமைகளில் என்னையும் சாப்பிடக் கூப்பிடுவார். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. ஒருமுறை நான் பன்னிரண்டரைக்குப் போனபோது, "இது குழைந்துவிட்டது, உனக்கு வேறு போடுகிறேன்" என்று வாடிய முகத்தோடு மறுபடி தண்ணீர் வைத்தார். மாவு, முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர். குமிழி வரும்வரை மரக்கரண்டியால் அடிஅடியென்று அடித்தார். பிடியுள்ள சிறு பலகையைத் தண்ணீரில் நனைத்து, அதன் ஓரத்தில் மாவை மெல்லப் பரப்பி, கத்தியின் முதுகால் கொதிநீருக்குள் இழை இழையாகத் தள்ளினார். கை ஓடிய வேகத்தில் கண் நிற்கவில்லை. இழைகள் மேலே மிதந்துவந்ததும் அரிகரண்டியால் அள்ளிப் போட்டு, அதன்மேல் காடி விட்ட பருப்பை ஊற்றினார். அதுதான் 'ஸ்பெட்ஸ்லே'யும் பருப்பும். ஏழை நாட்டுப்புறத்துச் சாப்பாடு, இன்றும் அந்தப் பகுதி மனிதர்களுக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்தப் பருப்புக்கு ஒரு கதை இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஷ்வாபிய மலைப்பகுதியின் கல் நிலத்தில் விளைந்த நாட்டு மைசூர்ப் பருப்பு வகைகளை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விவசாயிகள் கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள். விதையே இல்லாமல் போயிற்று. 2006இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வவிலோவ் விதை வங்கியில் அது இருப்பது தெரியவந்து, வாங்கிவந்து மறுபடி விதைத்தார்கள். அந்த ஊர் லெனின்கிராட் என்றிருந்த காலத்தில், உலகப்போர் முற்றுகையில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோதும் சேமித்த தானியத்தைத் தின்னாத ஆய்வாளர்கள் இருந்தார்களே, அதே நிறுவனம்தான். ஒரு பருப்பைத் தேடி அத்தனை தூரம் போன மக்களைப் பார்த்துத்தான் சமையல் உண்டா என்று கேட்கிறீர்கள்.

சரி, அக்டோபருக்கு வருவோம். திராட்சை அறுவடைக் காலம். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாசலில் துடைப்பம் தொங்கினால் தயங்காமல் உள்ளே போங்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் மதுவையும் எளிய உணவையும் தங்கள் இடத்திலேயே பரிமாறுவது அது. ஆண்டு முழுக்க நடத்தமாட்டார்கள், சில மாதம்தான். எது எந்த வாரம் திறந்திருக்கும் என்று உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் உணவகங்கள் பலவற்றுக்குத் திங்களோ செவ்வாயோ விடுமுறை, அதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் பாலாடைக்கட்டி உருக்கி வறுத்த வெங்காயம் தூவிய ஸ்பெட்ஸ்லே. காளான் குழம்பு ஊற்றிய ரொட்டி உருண்டை கிடைத்தால் அதுவும். பருப்பில் தொத்திறைச்சியைத் தட்டின்மேல்தான் வைப்பார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைப் பருப்போடு சேர்த்தே வேகவைப்பதும் உண்டு. வெங்காய அடையிலும் அப்படித்தான். ஆகவே எதைக் கேட்டாலும் 'ஓனே ஷ்பெக்', பன்றிக்கொழுப்பு இல்லாமல், என்று முதலில் சொல்லுங்கள். முன்பே சமைத்தாயிற்று என்றால் ஸ்பெட்ஸ்லேயே போதும். பன்னிரண்டு மணிக்கு அம்மாவை உட்காரவைத்துவிடுங்கள்.