பகுதிநேரப் பொறியியல் மாணவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பகலில் வேலை, மாலையில் பொறியியல் வகுப்பு என்று படித்துவருகிறேன். என்னோடு சேர்ந்தவர்களில் பலர், நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் உட்பட, படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். அவர்களிடம் என்ன குறை?

பதில்: குறை அவர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு தேடினால் விடை கிடைக்காது. இடைநிற்றல் குறித்து அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் முன்வைத்த விளக்கம், கல்லூரியின் பாடங்களோடும் மனிதர்களோடும் மாணவர் எந்த அளவுக்கு ஒன்றிப்போகிறார் என்பதையே மையமாகக் கொண்டது. விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு அது நன்றாகப் பொருந்தும்; வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு விரைய வேண்டியவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்த இடைவெளியை 1985-இல் ஜான் பீன், பார்பரா மெட்ஸ்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிரப்பினார்கள். வேலை நேரம், பணம், குடும்பப் பொறுப்பு ஆகியவை ஒத்துழைத்தால் படிப்பில் ஏற்படும் தளர்ச்சியைக்கூட ஈடுகட்டிவிடலாம் என்பதும், அவை கைவிட்டால் கல்லூரி தரும் ஆதரவு மட்டும் மாணவரைத் தக்கவைக்காது என்பதும் அவர்களுடைய வாதம். நன்றாகப் படித்த உங்கள் நண்பர்கள் விலகியதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பொறியியலில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பாடங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மின்பொறியியலையே எடுத்துக்கொள்ளுங்கள். நுண்கணிதம் தேறினால்தான் வகைக்கெழுச் சமன்பாடுகள். அவை கைவந்தால்தான் மின்சுற்றுப் பகுப்பாய்வு முழுதாகப் பிடிபடும். அதன் பிறகே சிக்னல் பாடம், அதற்கும் பிறகே கட்டுப்பாட்டுப் பொறியியல். ஒரு மாணவருக்குத் தேர்வு வாரத்தில் ஷிப்ட் மாறுகிறது, கணிதத் தாள் தவறிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாடம் மாலை வகுப்பாக ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது என்றால், அவர் இழப்பது ஒரு தாளை மட்டுமல்ல, அதன் பின்னால் காத்திருக்கும் அத்தனை பாடங்களுக்கும் ஓராண்டை இழக்கிறார். வார நாளின் பிற்பகலில் மூன்று மணி நேர ஆய்வகத்தை வைத்துவிட்டு, பகுதிநேர மாணவர்கள் வருவதில்லை என்று வருந்தும் துறைகள் முதலில் தங்கள் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் துறையில் பகுதிநேர மாணவர்கள் பட்டம் பெறும் விகிதம் மிகக் குறைவு என்பதால் அந்தப் பிரிவையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஆசிரியராக நான் என்ன சொல்வது?

பதில்: எத்தனை ஆண்டுகளுக்குள் என்று முதலில் கேளுங்கள். பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) தேவை என்றால், பருவத்துக்கு 15 கிரெடிட் எடுக்கும் முழுநேர மாணவர் 4 ஆண்டில் முடிப்பார். ஆண்டுக்கு இரண்டு பருவமாக, ஒவ்வொன்றிலும் 6 கிரெடிட் எடுப்பவருக்கு, ஒரு தாளில்கூடத் தவறாமல் படித்தாலும் 10 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டத்தின்படி வெளியாகும் விகிதம், முதன்முறையாகச் சேரும் முழுநேர மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நான்காண்டுப் படிப்புக்கு 6 ஆண்டு என்ற வரம்பை வைக்கிறது. பகுதிநேர மாணவர்களையும் சேர்த்து 8 ஆண்டுவரை பின்தொடரும் கணக்கெடுப்பு அங்கே வெகுகாலம் கழித்தே வந்தது. அந்த 8 ஆண்டும்கூட மேலே சொன்ன மாணவருக்குப் போதாது. ஆகவே, பட்டம் பெற்றவர்களோடு, இன்னமும் படித்துக்கொண்டிருப்பவர்கள், வேறு கல்லூரிக்கு மாறியவர்கள், உண்மையிலேயே நின்றுவிட்டவர்கள் ஆகியோரைத் தனித்தனியாக எண்ணிக் கூட்டத்தில் வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒரு பிரிவை மூடுவது அநியாயம்.

கேள்வி: இரண்டு பருவமாகப் பதிவு செய்யவில்லை. திரும்பிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், தாமதிக்காதீர்கள். படிப்பை முடிப்பதற்கான உச்சக் கால வரம்பு எவ்வளவு, ஏற்கெனவே தேறிய பாடங்கள் இன்னும் செல்லுமா என்ற இரண்டையும் கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்தால் போதும். அது உங்கள் சங்கிலியில் அடுத்ததைத் திறந்துவிடும் பாடமாக, பெரும்பாலும் கணிதமாக, இருக்கட்டும். வேலையிடத்தில் தேர்வு நாட்களை முன்கூட்டியே சொல்லி, அந்த வாரங்களுக்கு ஷிப்ட் மாற்றத்தை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.