கிரியேட்டினின் 1.4: மகனின் கிட்னி போய்விட்டதா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. நாங்கள் சைவம். 2 மாதமாக ஜிம் ட்ரெயினர் கொடுத்த கிரியேட்டின் பவுடர் சாப்பிடுகிறான். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. கிட்னி கெட்டுவிட்டதா டாக்டர்?

பதில்: பதறாதீர்கள் அம்மா. இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிரியேட்டின் என்பது தசையில் இருக்கும் சரக்கு, கிரியேட்டினின் அதிலிருந்து வந்து கிட்னி வழியாக வெளியேறும் கழிவு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

உங்கள் அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் கைச்செலவுக் காசு ஏடிபி என்ற சக்திப் பொருள். மூச்சைப் பிடித்து எடையைத் தூக்கினால் அது சில நொடியில் தீர்ந்துவிடும். சோற்றை எரித்துச் சக்தி எடுப்பது வங்கிக்குப் போய் வருகிற மாதிரி, நேரமாகும். அதுவரை அவசரத்துக்குக் கைகொடுக்கும் பெட்டிப் பணம்தான் கிரியேட்டின். பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு காத்திருந்து, செலவான ஏடிபியை உடனே நிரப்பிவிடும். ஒரு பத்து நொடி தாங்கும். மூளையும் இதயமும்கூட இப்படித்தான் சமாளிக்கின்றன.

கிரியேட்டினை நம் உடம்பே தயாரிக்கிறது. மீதி மீன், கறியில் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு இருப்பு குறைவு என்பதால் பவுடர் நன்றாகவே பிடிக்கும். இருப்பு கூடினால் கழிவும் கூடும். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று லேப் அச்சடிக்கும் இஜிஎஃப்ஆர் எண்ணும் அதே கழிவை வைத்துப் போட்ட கணக்குதான். ஒரே பேக்கேஜில் எழுபது எண்பது டெஸ்ட் எடுக்கிறார்கள், ‘தம்பி, பவுடர் ஏதாவது சாப்பிடுறியா?’ என்று கேட்க மட்டும் ஆள் இல்லை!

எனக்குப் பயம் அந்த ட்ரெயினர் மேல்தான். டப்பாவைப் பார்த்தீர்களா, இல்லை ஜிப் கவரில் பிரித்துக் கொடுத்தாரா? பிரித்த பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஸ்டீராய்டு கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சீல் உடைக்காத டப்பா, அதில் 14 இலக்க உணவு உரிம எண், கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே பொருள், அவ்வளவுதான் வேண்டும். ‘முதல் வாரம் தினம் 20 கிராம்’ என்பார்கள். டப்பா சீக்கிரம் காலியாகும், அடுத்த கமிஷன் வரும். தினம் 3 கிராம் போட்டாலே நாலு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும்.

ஒருவருக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது: ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு. ஒரே கிட்னியோடு இருப்பவரும், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவரும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவனுக்கு பிரஷர் பார்த்தீர்களா? இருபத்திரண்டு வயதில் பிரஷரா என்று சிரிக்காதீர்கள், பார்த்துவிடுங்கள். உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடுகிறானா என்றும் கேளுங்கள். கிட்னியைக் கெடுப்பதில் பவுடரைவிட அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இப்போதைக்குப் பவுடரை நிறுத்தட்டும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். கிரியேட்டினினை நாலு வாரம் கழித்து, முந்தின நாள் ஜிம்முக்குப் போகாமல், மறுபடி எடுங்கள். அப்போதும் 1.4 என்றால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு கிட்னி ரத்த டெஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். அது தசையையும் பவுடரையும் பார்த்து ஏமாறாது. கொஞ்சம் செலவாகும்.