காரையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை: கடல் இருந்த ஊர்களைப் பற்றிக் கேள்வி பதில்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கல்லையும் நிலத்தையும் பார்க்க வரும் சுற்றுலாவை, அங்குள்ள ஏரிகளோடும் கோயில்களோடும் சேர்த்து வளர்க்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்தப் பகுதியில் நீண்ட காலம் நிலவியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): சார், கடற்கரையே இல்லாத பெரம்பலூரில் கிளிஞ்சல் எப்படி வந்தது?

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே உள்ளே ஏறி வந்தது. பிறகு பின்வாங்கியது, மறுபடி ஏறியது. இப்படியே பல கோடி ஆண்டுகள் போயின. ஒவ்வொரு முறையும் அது விட்டுப்போன சேறும் மணலும் கிளிஞ்சல் ஓடுகளும்தான் இன்றைய படிவுப் பாறைகள். மேற்கே பச்சைமலைப் பக்கம் பழைய கருங்கல். அதை ஒட்டிக் காரை என்ற ஊரில் கடல் படிவு தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்தில் போகிறவர் தெரியாமலே சில கோடி ஆண்டுகளைக் கடந்துவிடுகிறார்.

நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1850களின் இறுதியில் இந்த நிலத்தை நடந்தே அளந்து வரைபடம் போட்டார். இங்கே கிடைத்த அம்மோனைட்டுகளையும் (சுருள் ஓடு கொண்ட, இன்று அழிந்துபோன கடலுயிர்கள்) சிப்பிகளையும் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா விரிவாக விவரித்து எழுதினார். பாறை அடுக்குகளுக்கு ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு, நின்னியூர். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் நிலவியல் ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களைப் படித்திருப்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்ட வகுப்புகளில் ஒன்றிரண்டு கைகள்தான் எழுந்தன. சுற்றுலா பற்றிய என் கவலையும் ஆசையும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கேள்வி (குடும்பத்தோடு வர நினைப்பவர், சென்னை): ஒரு நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

விடியற்காலையில் காரைக்குப் போய்விடுங்கள். மழை அரித்து அரித்து உண்டாக்கிய களிமண் மேடுகளும் ஓடைகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரியும். நடுவே ஜிப்சம் கீற்றுகள் வெயிலில் மினுமினுக்கும். துப்பாக்கிக் குண்டு மாதிரி நீளமாக ஒன்று கிடந்தால் அது பெலம்னைட், கணவாய் மீனின் பழங்கால உறவுக்காரன். நிழல் துளியும் கிடையாது, ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அப்புறம் சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940 இல் கண்டறிந்தது. மதியம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம். காலையில் பார்த்ததற்கெல்லாம் அங்கே விளக்கம் கிடைக்கும்.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வந்தால் கரைவெட்டி ஏரியை விடாதீர்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்ந்த ஏரி அது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே இறங்கும். சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். 2004 இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் தஞ்சைப் பெரிய கோயிலோடு இணைக்கப்பட்ட கோயில். விமானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் காலடி மண்ணைப் பாருங்கள். செம்மண்ணும் மணற்கல்லும்தான் இருக்கும், கோயில் கட்டிய கருங்கல் அங்கே கிடைப்பதில்லை. அவ்வளவு கல்லையும் தொலைவிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். காலையில் காரையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது சட்டென்று உறைக்கும். அதனால்தான் கல்லையும் கோயிலையும் ஒரே பயணத்தில் வைக்கச் சொல்கிறேன்.

கேள்வி (தகவல் தொழில்நுட்பத் துறையில் இருப்பவர், பெங்களூரு): ஞாபகத்துக்கு ஒரு சின்ன அம்மோனைட் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மாணவனாக இருந்தபோது நானும் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன். எந்த ஓடையில், எந்த அடுக்கில் எடுத்தேன் என்று எதையும் குறிக்கவில்லை. இடம் தெரியாத புதைபடிவத்தால் ஆய்வுக்குப் பயனில்லை. இன்றைக்கும் அந்தப் பை என் மனதை உறுத்துகிறது. பேருந்து பேருந்தாகக் கல்லூரிக் குழுக்கள் வந்து ஆளுக்கு நாலு எடுத்ததில், முன்பு குனிந்தாலே கிடைத்த இடங்களில் இப்போது தேட வேண்டியிருக்கிறது. இத்தகைய இடங்களைக் காக்க 2022 டிசம்பரில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. சட்டம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு காட்டுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி (மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், ஆலத்தூர் வட்டம்): ஐயா, வருகிறவர்கள் காரில் வந்து காரிலேயே போய்விடுகிறார்கள். எங்களுக்கு என்ன வருமானம்?

அம்மா, இதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாலு வேலைகள் உடனே தொடங்கக்கூடியவை. ஒன்று, சாப்பாடு. உங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஊரெல்லாம் போகின்றன. அதைச் சமைத்து அங்கேயே பரிமாற ஆள் இல்லை. இரண்டு, வழிகாட்டி. ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஓடைகள் எனக்குக்கூடத் தெரியாது. ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மூன்று, அச்சு. அம்மோனைட்டுக்கு ரப்பர் அச்சு எடுத்து, சுட்ட மண்ணிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ வார்த்து விற்கலாம். குழந்தை கையில் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோகத்தான் ஆசைப்படும். அது நீங்கள் செய்ததாக இருந்தால் ஓடையில் கிடக்கும் உண்மையான கல் தப்பிக்கும்.

நான்காவது, கழிப்பறை. சிரமப்பட்டுச் சொல்கிறேன், பெண்கள் இந்த இடங்களில் அரைநாள் தங்காததற்கு முதல் காரணம் அதுதான். கட்டணம் வாங்கிக் குழுவே நடத்தலாம். ஊராட்சியிடம் பெரிய நுழைவாயில் வளைவு கேட்காதீர்கள், தண்ணீர் வசதியோடு இரண்டு கழிப்பறை கேளுங்கள்.

கேள்வி (சுரங்கத்தில் வேலை செய்பவர், அரியலூர்): சுற்றுலா என்று சொல்லிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மூடச் சொல்கிறீர்களா?

இல்லை. சிமெண்ட் இந்த மாவட்டத்தின் சோறு, அது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் வெட்டுகிற கல்லே சிப்பிதான். கல்லங்குறிச்சிப் படிவில் கை அகலச் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். வெட்டி முடித்த குழியில் ஒரு சுவரை மட்டும் அப்படியே விட்டு, பாதுகாப்பான தூரத்தில் கம்பி வேலி போட்டுப் பார்வைக்குத் திறந்தால் போதும். ஜெர்மனியில் மெஸ்ஸல் என்று ஒரு கைவிட்ட சுரங்கக் குழி. அதைக் குப்பைக் கிடங்காக்கப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. 1995 இல் அதே குழி உலகப் பாரம்பரியச் சின்னமானது.

கல்லங்குறிச்சி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கலியுக வரதராஜப் பெருமாள்தான். ஒரு கல் தூணையே பெருமாளாக வணங்கும் தலம். புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக ஆளைத் தேடி விளம்பரம் செய்வதற்கு முன், ஏற்கெனவே வந்து நிற்கும் அந்தப் பக்தர்களுக்கு, அந்த ஊர்ப் பெயரில் உலகம் அறிந்த ஒரு பாறை இருக்கிறது என்று ஒரு பலகை வைக்கலாமே. இதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, பெரம்பலூர்): குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாகப் பிள்ளைகள் சொல்கிறார்களே?

2020 இல் அங்கே குளத்துப் பக்கம் மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். அவை முட்டை அல்ல. கடலடியில் அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றித் தாது படிந்து உருண்ட கற்கள். டைனோசர் முட்டைகள் கண்டறியப்பட்டதாக 2009 இல் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தது வேறு இடம், செந்துறைப் பக்கம். பிள்ளைகளிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்): சாளக்கிராமமும் அம்மோனைட்டும் ஒன்றா?

நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் சுருள்தான். பூஜையில் வைத்திருப்பவர் அதை வணங்குவதற்கு இது தடையில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி (இதழியல் மாணவர், மதுரை): யுனெஸ்கோ ஜியோபார்க் தகுதி இந்தப் பகுதிக்குக் கிடைக்குமா?

தகுதியான நிலம் இருக்கிறது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாகத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நான்கில் இரண்டு, காரையும் சாத்தனூரும், இங்கேயே உள்ளன. (மற்றவை திருவக்கரைக் கல்மரங்களும் சென்னைப் பரங்கிமலையின் சார்னக்கைட் என்ற பாறையும்.) ஆனால் ஜியோபார்க் என்பது ஒரு பாறைக்குக் கொடுக்கும் பட்டம் இல்லை. மக்கள் வாழும் ஒரு முழுப் பகுதி, அதை நடத்த ஒரு நிர்வாக அமைப்பு, உள்ளூர் மக்களுக்கு அதில் பங்கு, எல்லாம் வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே ஓராண்டாவது ஜியோபார்க் போல நடந்து காட்ட வேண்டும். கிடைத்த பிறகும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்து சோதிப்பார்கள். புதைபடிவம் விற்பதில் அந்த அமைப்புக்குப் பங்கே இருக்கக் கூடாது.

கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவில் இருப்பதும் நம் திருவக்கரை மாதிரிக் கல்மரங்கள்தான். 2000 இல் ஐரோப்பிய ஜியோபார்க் கூட்டமைப்பைத் தொடங்கிய நான்கில் அதுவும் ஒன்று. மலேசியாவின் லங்காவி 2007 இல் பெற்றுவிட்டது. இந்தியாவின் பெயரில் இன்னும் ஒன்றுகூட இல்லை. டெல்லியிலிருந்து ஆள் வந்து இதைத் தொடங்க மாட்டார்கள். காரை ஊராட்சி, சாத்தனூர் ஊராட்சி, ஆலத்தூரில் அந்த அம்மாவின் குழு, வரைபடம் போட்டுக் கொடுக்க நாலு நிலவியல் மாணவர்கள், இவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அந்த முதல் ஓராண்டுக் கணக்கை அன்றைக்கே எண்ணத் தொடங்கலாம். வரைபட வேலைக்கு நான் வருகிறேன்.