அந்தக் குண்டைப் போட்டிருக்க வேண்டுமா? அணு ஆயுதம் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

அணு ஆயுதங்களின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்தும் பாடம் நடத்தியும் வருகிறேன். வந்த கேள்விகளில் அடிக்கடி திரும்பி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: குண்டு போடாமல் ஜப்பானுக்குள் படை இறங்கியிருந்தால் பத்து லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்கிறார்களே. அப்படியானால் குண்டு உயிர்களைக் காப்பாற்றியது என்றுதானே ஆகிறது, சார்?

அந்தப் பத்து லட்சம் போருக்குப் பிறகு பிரபலமான எண். போர்க்காலத்தில் அமெரிக்கப் போர் அமைச்சராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. அதுவும் இறந்தவர், காயமடைந்தவர் எல்லோரையும் சேர்த்த எண். 1945 ஜூனில் படைத்தலைமை கையில் வைத்திருந்த மதிப்பீடுகள் இதைவிடக் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானின் கியூஷு தீவில் அமெரிக்கப் படை இறங்கத் திட்டமிட்ட நாள் 1945 நவம்பர் 1. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6. நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. சோவியத் யூனியன் ஆகஸ்ட் 8 அன்று போர் அறிவித்து, மறுநாள் ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. பேரரசரின் பதவி நிலைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் ஜப்பான் இறங்கி வந்திருக்குமா என்ற பேச்சு வாஷிங்டனிலேயே நடந்துகொண்டிருந்தது. ஆக, அன்று காலையில் "குண்டா, படையெடுப்பா" என்ற இரண்டே வழிதான் இருந்தது என்பது பிற்காலத்தில் சுருக்கிச் சொன்ன கதை.

ஜப்பான் பணிந்தது குண்டாலா, சோவியத் படையாலா? வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் தீராத வழக்கு இது. ஆகஸ்ட் 15 அன்று மக்களுக்குப் பேசிய பேரரசர் எதிரியின் கொடிய புதிய குண்டைக் குறிப்பிட்டார். இரண்டு நாள் கழித்துப் படைவீரர்களுக்கு விடுத்த அறிக்கையில் குண்டைப் பற்றிப் பேச்சே இல்லை, சோவியத் போரில் இறங்கியதைத்தான் காரணமாகச் சொன்னார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.

நாகசாகியைப் பற்றி எனக்கு இந்த அளவு தயக்கம்கூடக் கிடையாது. ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்பதை டோக்கியோ சரியாக விளங்கிக்கொள்வதற்குள், மூன்றாவது நாளே அடுத்த குண்டு. அதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் தாத்தாவை மலாயாவிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கூடப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. "அந்தக் குண்டுதான் என்னை வீட்டுக்கு அனுப்பியது" என்று சாகும்வரை சொன்னார். அவரிடம் போய் அறம் பேச முடியுமா?

முடியாது. பேசவும் கூடாது. ஜப்பானிய ராணுவத்தின் கீழ் அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். சீனாவிலும் கொரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் உங்கள் தாத்தாவைப் போலச் சொல்பவர்கள் நிறைய உண்டு. ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசும்போது இதை மறைப்பவர் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறார்.

ஆனால் ஒன்று. உங்கள் தாத்தாவை அடித்த காவலாளி ஹிரோஷிமாவில் இல்லை. அன்று காலை 8.15 மணிக்கு அங்கே தெருவில் இருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பள்ளிப் பிள்ளைகள். தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு அழைத்து வரப்பட்ட 12, 13 வயதுப் பிள்ளைகள். நகரத்துக்குள் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் நிலைமை உங்கள் தாத்தாவின் நிலைமைதான்.

தத்துவ ஆசிரியர் எலிசபெத் ஆன்ஸ்கோம் 1956இல் இதைத்தான் சொன்னார். குண்டு விழுந்தபோது அமெரிக்க அதிபராக இருந்த ட்ரூமனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது அவர் எழுந்து எதிர்த்தார். குற்றமற்றவர்களைக் கொல்வதையே ஒரு காரியத்துக்கு வழியாகத் தேர்ந்தெடுத்தால் அது கொலை, காரியம் நல்லதாக இருந்தாலும் கொலைதான் என்பது அவர் வாதம். அதோடு நிற்கவில்லை. நிபந்தனையற்ற சரணடைவு என்ற பிடிவாதமே கேட்டின் வேர் என்றார். நான் அவர் பக்கம்தான். உங்கள் தாத்தாவின் நன்றியுணர்வைத் தவறு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டோக்கியோவில் சாதாரணக் குண்டுகளாலேயே ஒரே இரவில் ஒரு லட்சம் பேர் செத்தார்களே. அணுகுண்டை மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறோம், அண்ணா?

நல்ல கேள்வி, தம்பி. 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவில் நடந்த தீக்குண்டு வீச்சைச் சொல்கிறீர்கள். நகரத்தையே எரிக்கலாம் என்ற மனப்பழக்கம் அங்கேயே வந்துவிட்டது. அணுகுண்டு அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

ஆனால் டோக்கியோவுக்கு முந்நூறுக்கு அருகில் விமானங்கள் தேவைப்பட்டன. ஹிரோஷிமாவுக்குக் குண்டைச் சுமந்த ஒரு விமானம் போதும். அந்தக் குண்டில் இருந்த யுரேனியம் ஏறக்குறைய 64 கிலோ. அதில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த வருடக் கடைசிக்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள்.

அப்புறம் கதிர்வீச்சு. காயமே படாமல் தப்பியவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்து முடி கொட்டி, ஈறில் ரத்தம் கசிந்து இறந்தார்கள். சடாகோ சசாகி என்ற சிறுமிக்குக் குண்டு விழுந்தபோது வயது இரண்டு. ரத்தப் புற்றுநோயில் இறந்தது 1955இல், பன்னிரண்டு வயதில்.

கேள்வி: அணுகுண்டைச் செய்தவர் ஐன்ஸ்டைன்தானே?

இல்லை. ஜெர்மனி முந்திவிடக்கூடும் என்று 1939 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போன எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அதை எழுதுவதில் முக்கியப் பங்கு இயற்பியலாளர் லியோ சிலார்டுக்கு. குண்டு செய்யும் திட்டத்தில் ஐன்ஸ்டைனைச் சேர்க்கவே இல்லை.

கேள்வி: ஓப்பன்ஹைமர் கீதையைச் சொன்னாராமே?

குண்டைச் செய்த லாஸ் அலாமோஸ் ஆய்வகத்தின் தலைவர் அவர். 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் சோதனையின்போது அந்த வரி நினைவுக்கு வந்ததாக, இருபது வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது "நான் மரணமானேன்" என்ற பொருளில். மூலத்தில் உள்ள சொல் "கால". காலம் என்றும் எமன் என்றும் இரண்டு பொருளும் அதற்குள் இருக்கின்றன. காலம், காலன் என்ற இரண்டு சொல்லும் நம் வாயில் புழங்குவதால் நமக்கு இது விளக்கமில்லாமலே புரியும்.

கேள்வி: அந்த விஞ்ஞானிகளில் ஒருவருக்குக்கூட மனம் உறுத்தவில்லையா?

உறுத்தியது. 1945 ஜூனில் ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிலர், முதலில் ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஜூலையில் சிலார்ட் 70 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அந்த மனு ட்ரூமன் கைக்குப் போய்ச் சேரவில்லை.

எனக்கு மிகப் பிடித்தவர் ஜோசப் ராட்பிளாட். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும், 1944 கடைசியில் லாஸ் அலாமோஸை விட்டு வெளியேறினார். ஹிட்லருக்குப் பயந்துதானே வந்தோம், அந்தப் பயம் போன பிறகு எதற்கு இந்த வேலை என்பது அவர் கேள்வி. மற்றவர்கள் ஏன் அதைக் கேட்கவில்லை? வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது, அதன் ருசி அவர்களை இழுத்தது என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: இரண்டு பக்கமும் குண்டு இருந்ததால்தானே மூன்றாம் உலகப் போர் வரவில்லை?

ஓரளவு இருக்கலாம். ஆனால் 1962 அக்டோபர் 27ஐப் பாருங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருந்ததால் இரண்டு நாடும் போரின் விளிம்பில் நின்ற நாள். கியூபா அருகே பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. உள்ளே தாங்க முடியாத வெக்கை, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. அதை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் பயிற்சி வெடிகளைப் போடுகின்றன. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன், அணு டார்பிடோவைத் தயார்ப்படுத்தச் சொல்கிறார். உடனிருந்த இன்னொரு அதிகாரி வாசிலி ஆர்கிபோவ் அவரை அமைதிப்படுத்தி மேலே வரச் செய்தார் என்று அந்தக் கப்பலில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்த டார்பிடோ அங்கே இருப்பதே அமெரிக்கர்களுக்குத் தெரியாது.

1983 செப்டம்பரில், ஏவுகணை வருகிறதா என்று கண்காணிக்கும் சோவியத் அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவின் திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. மேகத்தில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தப்பாகப் படித்திருந்தது. பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார் அவர். குண்டு அமைதியைக் காத்தது என்பவர்களிடம் நான் கேட்பது, அந்த இரண்டு நாளும் காத்தது குண்டா, அந்த இரண்டு ஆளா?

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது? கைவிட்ட நாடு ஏதாவது உண்டா?

அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. குண்டு வைத்திருக்கும் ஒரு நாடும் அதில் சேரவில்லை. கைவிட்டது தென்னாப்பிரிக்கா. ஆறு குண்டுகளைத் தானே செய்து தானே பிரித்தது.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. இதை எப்படிச் சொல்வது?

எண்களில் தொடங்காதீர்கள். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறது. மூன்று வயதுப் பையன் வீட்டு வாசலில் ஓட்டிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. அன்றிரவே இறந்துவிட்டான். தனியாகக் கல்லறையில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கொல்லையிலேயே, சைக்கிளையும் சேர்த்துப் புதைத்தார். நாற்பது வருடம் கழித்துத் தோண்டி எடுத்து, எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றி, சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.