தோய்த்த தண்ணீரை வாழைக்கு விடுவது குற்றமா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் அனுமதிப்பத்திரக் காணியில் குடியிருக்கிறோம். ஆடி, ஆவணியில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிவிடுவதால், உடுப்புத் தோய்த்த தண்ணீரைக் குழாய் வைத்து வேலியோர வாழைகளுக்கு விடுகிறோம். அது தன் கிணற்றுக்குள் ஊறுவதாகப் பக்கத்து வளவுக்காரர் முறையிட, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிறுத்தும்படி வாயால் சொல்லிவிட்டுப் போனார். வழக்கும் போடப்போகிறார்களாம். படம் இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் வளவுத் தண்ணீரை உங்கள் வாழைக்கு விடுவது அதனளவில் குற்றமன்று. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் கேட்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வர்த்தமானியில் குறிக்கப்பட்ட தொழில்களுக்கே உரியது. வீட்டுக் கிணற்றடிக்கு அது வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய படம் எனக்குக் கவலை தருகிறது. குழாய் வாயருகே நுரை காய்ந்து மண் சாம்பல் நிறமாகியிருக்கிறது. அங்கிருந்து வேலிக் கதியாலுக்கு இரண்டு முழம்கூட இல்லை. நமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, மேட்டுக் காணியிலிருந்து இயற்கையாக ஓடிவரும் மழைநீரைப் பள்ளக் காணிக்காரர் ஏற்றுத்தான் ஆகவேண்டும். எனினும் மனிதர் குழாய் வைத்து வேலியருகே கொண்டுபோய்விடும் அழுக்குநீரை ஏற்கும் கடப்பாடு அவருக்கு இல்லை. ஆகவே, ஊறல் நிரூபிக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அவர் தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். இன்றே குழாயை வேலியிலிருந்தும் இரு கிணறுகளிலிருந்தும் இயன்றளவு தூரத்துக்கு மாற்றி, மாற்றிய இடத்தைத் திகதியுடன் படமெடுத்து வையுங்கள்.

பரிசோதகரின் வாய்ச்சொல்லைப் புறக்கணிக்கவும் வேண்டாம், அதையே இறுதி முடிவாகக் கொள்ளவும் வேண்டாம். காரணத்துடன் எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் நீதவான் நிபந்தனைக் கட்டளை (நிறுத்துங்கள், இல்லையேல் வந்து காரணம் காட்டுங்கள் என்ற உத்தரவு) பிறப்பித்தாலும், தோன்றிக் காரணம் காட்ட உங்களுக்கு உரிமையுண்டு. அப்பிரிவு பொதுத் தொல்லைக்கானது, அதாவது பொதுமக்களைப் பாதிக்கும் தொல்லைக்கானது என்பதால், ஒரு வீட்டுக் கிணறு பற்றிய பிணக்கு அதற்குள் அடங்குமா என்றும் வாதிடலாம். தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் அந்த வாதம் உதவாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் குடியிருப்பவரையே பொறுப்பாக்குகிறது. வாளியிலோ கிடங்கிலோ ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

அயலவரின் கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். மலக்கிருமி காணப்பட்டால் இரு வளவுகளின் மலசலகூடக் குழிகளையும் பார்க்கவேண்டி வரும். குழந்தையின் அணையாடை அலசிய நீரிலும் அக்கிருமி இருக்கும் என்பதால், அதை மட்டும் தோட்டத்துக்கு விடாதீர்கள். பச்சையாக உண்ணும் வல்லாரை போன்றவற்றுக்கு எந்தத் தோய்த்த நீரும் வேண்டாம்.

குறித்த பெறுமதிக்குட்பட்ட குடிசார் பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலில் மத்தியஸ்த சபைக்கே போகவேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. இந்தப் பிணக்குக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம், ஏனெனில் வழக்கு முடிந்த பிறகும் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழப்போகிறவர்கள் நீங்கள்தான். குழாயின் புதிய இடத்தையும், நிலத்தடி நீர் மேலெழும் மாரியில் அதை அடைத்துவைப்பதையும் இணக்கத்தில் எழுதச் சொல்லி, பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.